அவர் வண்டியை என் உயரத்துக்கு இறக்கியது

என் உயரம் நாலடி பத்தங்குலம். என் வீட்டுக்காரர் ஆறடி. கல்யாணத்தில் படம் எடுத்தவர் இவர் பக்கத்தில் நிற்க எனக்கு ஒரு பலகை போட்டார். பட்டுச்சேலையோடு அந்த ஆளிடம் சண்டைக்குப் போனேன். குட்டைச்சி என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் ஹார்பரில் லாரியிலிருந்து விழுந்ததில் அவருக்கு முழங்கால் பக்கம் நரம்பு நசுங்கிவிட்டது. நடக்கிறார். ஆனால் இடது பாதத்தை மேலே தூக்க முடியாது. கியர் போடுவது அந்தப் பாதம்தானே. ஒரு வருஷத்தில் சரியானாலும் ஆகும், ஆகாமலும் போகும் என்றார் டாக்டர். நாங்கள் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோக்காரர் கைத்தாங்கலாக இறக்கிவிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் அவர் பைக் தூசி படிந்து நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் கடைக்குச் சரக்கெடுக்க பைக் ஓட்டியவள்தான் நான். ஆனால் இவர் வண்டியில் ஏறினால் என் கால் அந்தரத்தில் ஆடும். ஸ்கூட்டர் வாங்கலாம்தான், அதற்கு இதை விற்க வேண்டும். அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அவரிடம் சர்வீஸ் என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியை விட்டேன். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களைத் தளர்த்திக் கொஞ்சம் மேலே ஏற்றினால் முன்பக்கம் இறங்கும், பின்னால் குட்டை ஷாக் மாட்டலாம், ஆனால் சீட்டு ஸ்பாஞ்சை வெட்டினால்தான் கால் சரியாக எட்டும் என்றார். மற்றதை எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம், வெட்டின ஸ்பாஞ்சு ஒட்டாது என்றும் சொன்னார்.

"பழையபடி திருப்பி மாட்டுற மாதிரி வேலை மட்டும் பாருங்க அண்ணாச்சி. சீட்டுல கத்தி வைக்காதீங்க" என்றேன்.

பெருவிரல் மட்டும்தான் தரையில் படும் என்று எச்சரித்தார். அது போதும் என்று சொல்லிவிட்டேன். என் பிடிவாதம் ஊரறிந்தது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் அவர் அதை ஒருமுறை சுற்றிவந்தார். ஏழு வருஷம் ஓட்டியவருக்குத் தெரியாதா என்ன? நேரே பின்னால் ஏறி உட்கார்ந்தார். இப்படியே மூன்று வாரம் ஓடியது.

நாலாவது வாரம் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. இங்கே கேட் மூடினால் யாரும் வரிசையில் நிற்பதில்லை. ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு முன்னால் போய் முட்டுவோம். நானும் இடுக்கில் நுழைந்து கேட்டை ஒட்டி நிறுத்தினேன். கேட் திறந்ததும் எதிர்ப்பக்கத்துக் கூட்டம் பாய்ந்து வந்தது. பதறி பிரேக் பிடித்தேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது, ஊன்றிய கால்விரல் வழுக்கியது. அவர் சட்டென்று தன் இடது காலை ஊன்றினார். அது மடங்கிக்கொண்டது.

நாலுபேர் ஓடிவந்து எங்களைத் தூக்கிவிட்டார்கள். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நேரே அண்ணாச்சி கடைக்கு விடச் சொன்னார்.

அங்கே சீட்டைக் கழற்றச் சொன்னது அவர்தான். அண்ணாச்சி உறையை உரித்து, ஸ்பாஞ்சில் இரண்டு விரற்கடைக்குக் கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்ன வருஷம் இன்னும் முடியவில்லை, நரம்பு சரியாகிவிடும், கொஞ்சம் பொறுக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன்.

"ஏளா, நீ சும்மா இரு" என்றார் அவர். பிறகு கோட்டுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். "இன்னும் ஒரு விரக்கடை எடுங்க அண்ணாச்சி. இவளுக்கு ரெண்டு குதிகாலும் தரையில படணும். நான் பின்னாலதான உக்காரப்போறேன்."

அண்ணாச்சி கத்தியை எடுத்தார்.