ஆர்வில் சொன்ன ‘ம்ம்’

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில், ஏரிக்கரை ஊரொன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்வில் நல்ல மனிதன்தான். யாருடைய வண்டி பனியில் சிக்கினாலும் முதல் ஆளாகப் போய் இழுத்துவிடுவான். ஆனால் பேருந்தை விட்டு இறங்கிய கணமே கையில் கைபேசி ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு மேசையிலும் அதுதான், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்துக்கு அடியிலும் அதுதான். அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. மனைவி டார்லா எது பேசினாலும் ‘ம்ம்’ என்பான். அந்த ஒரு சத்தத்தில்தான் வருடக்கணக்காகக் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் அவள் பேச்சு குறைந்துபோனது அவனுக்கே உறைத்தது. தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை முழுவதும் கைபேசியைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தான். அதை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, உறைந்த ஏரியின் நடுவே இருக்கும் தன் மீன்பிடிக் குடிலுக்கு அவளைக் கூட்டிப்போனான்.

குடில் என்பது ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். உள்ளே ஒரு ஹீட்டர், இரண்டு ஸ்டூல், பனிக்கட்டியில் குடைந்த ஒரு ஓட்டை. வெளியே முகத்தைக் கிழிக்கும் காற்று. பேசுவதைத் தவிர வேறு வழியே இல்லை. ஆர்விலுக்கு மூச்சு முட்டியது. காலிச் சட்டைப்பையை நாலைந்து தரம் தடவிப் பார்த்தான். பிறகு ஓட்டைக்குள் தூண்டிலோடு, தண்ணீருக்கடியில் மீனைக் காட்டும் கேமராவையும் இறக்கி, அதன் திரையை மடியில் வைத்துக்கொண்டான். தூண்டிலைச் சுற்றி மீன்கள் வருவதும் போவதும் தெரிந்தன. அப்பாடா என்றிருந்தது.

“இதுவும் அதேதானே, ஆர்வில்?”

“இது போன் இல்லம்மா, மீன் பிடிக்கிற சாமான். ஏரியில எல்லாரும் வச்சிருக்காங்க.”

“மீனுக்கு அடிச்சது யோகம். அதையாவது கண்ணெடுத்துப் பாக்குற.”

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். பெரிய மீன் ஒன்று இரையை முகர்ந்துகொண்டிருந்தது. “ம்ம்” என்றான்.

டார்லா கையை நீட்டி ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

“சரி சரி, கோச்சுக்காத. இப்ப சொல்லு, கேக்குறேன்.”

“சொல்ல ஒண்ணும் பாக்கி இல்ல. டுலூத்துல அக்காவோட போய் இருந்துடட்டுமான்னு நவம்பர்ல கேட்டேன். ம்ம்னு சொன்ன. திரும்பி வரமாட்டேன், பரவாயில்லையான்னு கிறிஸ்துமஸ் அன்னிக்கு கேட்டேன். அதுக்கும் ம்ம்னு சொன்ன. செவ்வாய்க்கிழமை கிளம்புறேன்னு இப்பத்தான் சொன்னேன்.”

“எதுவுமே என் காதுல விழலையே, டார்லா.”

“தெரியும். அதனாலதான் போறேன்.”

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. போகாதே என்று சொல்ல வேண்டும். தலையை நிமிர்த்தினான். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. கண்ணை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கதவைத் திறந்து ஓடலாம் என்றால் சுற்றிலும் வெறும் பனி. அவன் கை தன்னையறியாமல் கீழே கிடந்த ஒயரை எடுத்து மறுபடி திரையில் செருகப் போனது.

டார்லா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.