பின்பலகையில் எழுதிய சொல்

என் மனைவி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இதைச் சொன்னால்தான் என் பெருமை உங்களுக்குப் புரியும்.

அவள் வேலை பார்க்கும் பட்டறையில் அலமாரி செய்வது அவளோடு சேர்த்து ஆறு பேர். ஆறு பேருக்கும் ஆறு தாய்மொழி. நான் அங்கேயே லாரி ஓட்டுகிறேன். வந்த புதிதில் அவர்கள் சைகையிலேயே காலம் தள்ளினார்கள். ஆனால் செய்யும் பொருளின் பெயர் மட்டும் எல்லோர் வாயிலும் கிட்டத்தட்ட ஒன்று. மலையாளிக்கு அலமார, சிங்களவருக்கு அல்மாரிய, இந்திக்காரர், வங்காளி, மலாய்க்காரர் மூவருக்கும் அல்மாரி. எங்கள் சொல்லைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று சண்டை வேறு. இவள் சும்மா இருப்பாளா? லீவு நாளில் நூலகத்துக்குப் போய் அகராதிகளைப் புரட்டிவிட்டு வந்தாள்.

“யாருக்கும் சொந்தமில்ல. போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்த சொல்லு. அதுக்கும் முன்னாடி லத்தீன்ல, ஆயுதமும் கருவியும் வைக்கிற பெட்டிக்கு அந்தப் பேரு,” என்றாள்.

சண்டை அடங்கியது. அன்று முதல் ஒரு வழக்கம் வந்தது. முடித்த அலமாரியின் பின்பலகையில் ஆறு பேரும் அவரவர் எழுத்தில் அந்தச் சொல்லைப் பென்சிலால் எழுதுவார்கள். சுவர்ப் பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

துணிக்கடை ஒன்றுக்குச் செய்தது கடை நடுவில் நிற்கவேண்டிய அலமாரி. பழக்க தோஷத்தில் அதிலும் எழுதிவிட்டார்கள். அது என் லாரியிலேயே திரும்பி வந்தது.

“எழுதினவங்க நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்,” என்றார் முதலாளி.

ஐந்து தலைகள் குனிந்தன. “நான்தான் எழுதினேன்,” என்றாள் இவள்.

“ஆறு மொழியும் நீயேவா? யார் காதுல பூ சுத்துற?”

அவள் புதுப் பலகை ஒன்றை இழுத்துப்போட்டு ஆறு எழுத்திலும் பிசகில்லாமல் எழுதினாள். சாப்பாட்டு வேளைகளில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கற்றிருக்கிறாள். கட்டிய புருஷன் எனக்கே தெரியாது. அந்த நிமிஷம் வேலை போனால் போகட்டும் என்றிருந்தது எனக்கு.

வங்காளித் தச்சர் அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். தன் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அடுத்து மலையாளி. பிறகு மற்ற மூவரும் வரிசையாக வந்தார்கள்.

முதலாளி பலகையைப் பார்த்தார், அந்த ஆறு பேரையும் பார்த்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டால் பட்டறையில் மிஞ்சுவது அவரும் நானும்தான். எனக்கோ ஆணி அடிக்கவும் வராது.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். “என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? உம் பொண்டாட்டி அலமாரியில இருக்குற எழுத்தத் தேய்ச்சுக் குடுத்ததும் வண்டியில ஏத்து.”