சாம்பாருக்குச் சிவப்பு நூல்

"மாட்டுக்குப் போட்டுருங்க."

இதை நான் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லும். சட்னி அரைத்துக்கொண்டே சொல்வேன். யாரையோ திட்டிக்கொண்டிருப்பேன், நடுவில் இதையும் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டுவேன். இந்த ஒரு பேச்சால் என்ன ஆயிற்று என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இட்லிக்கடை தொப்பூர் கணவாய்க்கு அடியில் இருந்தது. சேலத்திலிருந்து வரும் லாரிகள் மேடு ஏறுமுன் அங்கே நிற்கும். மேலிருந்து இறங்கி வருகிறவை பிரேக் சூடு ஆறட்டும் என்று நிற்கும். அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தேன். புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். விடிந்ததும் நான் பார்த்தது அடுப்பைத்தான்.

கடையில் நாங்கள் மூன்று பேர். என் கணவர், நான், அவருடைய அக்கா. நான் அவளை அக்கா என்றே கூப்பிடுவேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே அவள் புருஷன் அவளை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்தது ஒரு கிடாரிக் கன்று. அது வளர்ந்து பசுவாகி, கடைக்கு டீப்பால் கொடுத்தது. அவள் தம்பி வீட்டில் சாப்பிட்டாள், ஆனால் தம்பி சோறு சாப்பிடவில்லை. இதை அவளே தெளிவாகச் சொல்லுவாள்.

"நான் ஒண்ணும் ஒக்காந்து திங்கல. என் மாட்டுப் பாலுக்கு நான் சோறு திங்கறேன்" என்பாள். யாராவது கேட்டால்தான் என்று இல்லை, கேட்காவிட்டாலும் சொல்லுவாள். எனக்கு எரிச்சலாக வரும். "யாருங்க்கா உங்களக் கேட்டாங்க?" என்பேன். "கேக்காம இருக்கறதுக்குத்தான் சொல்றேன்" என்பாள்.

அந்த மாட்டுக்குத் தனியாகத் தீவனம் என்று பெரிதாக எதுவும் வாங்கியதில்லை. மலையிலிருந்து ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு முறை மந்தாரை இலைக் கட்டு கொண்டுவருவாள். சாப்பிடுகிறவர்களுக்கு அதில்தான் தைத்துப் போடுவோம். பார்சலும் அதில்தான். வாழைச்சருகை நனைத்து உள்ளே வைத்து, மந்தாரை இலையால் மடித்து, நாரால் கட்டுவது. சாப்பிட்டவர்கள் எழுந்து இலையைப் புளியமரத்தடியில் போடுவார்கள். மாடு அங்கேயே காத்துக்கொண்டு நிற்கும். சில டிரைவர்கள் கீழே போட மனசில்லாமல், அரை இட்லியை மிச்சம் வைத்து, இலையோடு அதன் வாயிலேயே கொடுப்பார்கள். மலையேறுவதற்கு முன்னால் மாட்டுக்குக் கொடுத்தால் வண்டி நல்லபடியாகப் போகும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. குப்பை என்று எங்கள் கடையில் ஒன்றுமே மிஞ்சாது.

ஆனால் இலையில் சாம்பார் நிற்காது. தூக்குப்போசி கொண்டுவருகிறவனுக்குச் சாம்பார், கொண்டுவராதவனுக்குக் கெட்டிச் சட்னி. கெட்டிச் சட்னியும் வழியிலேயே ஒழுகி சீட்டெல்லாம் நாறும். அடுத்த நடையில் வந்து என்னிடம் எகிறுவார்கள். "என்னாங்கம்மா கட்டறீங்க, ஒரு மைல் தாங்கல" என்று. பார்சல் கட்டுவது என் வேலை. அதனால் பழி முழுக்க என் தலையில்.

எழுபது தாண்டி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கும். பம்பாய் நடை போய்வந்த டிரைவர் ஒருவர், கண்ணாடி மாதிரி ஒரு பையை நீட்டி, "இதுல சாம்பார ஊத்துங்க" என்றார்.

"உருகிப் போயிரும்ங்க" என்றேன்.

"ஊத்துங்க, ஒண்ணும் ஆவாது."

கொஞ்சம் ஆறவைத்து ஊற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கையில் தூக்கிப் பார்த்தேன், உள்ளே பருப்பும் கத்தரிக்காயும் தெரிந்தன. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்று சாயங்காலமே என் கணவரைப் பிடுங்கி எடுத்தேன். அவர் சேலம் போய் ஒரு கட்டு வாங்கிவந்தார்.

வாயைக் கட்ட நூல் வேண்டும் என்று யோசித்தது நான்தான். வண்டி ஓட்டிக்கொண்டே போகிறவனுக்கு எது சாம்பார், எது சட்னி என்று தொட்டதும் தெரிய வேண்டும், பார்த்ததும் தெரிய வேண்டும். சாம்பாருக்குச் சிவப்பு நூல், மூன்று சுற்று. சட்னிக்கு வெள்ளை நூல், இரண்டு சுற்று. மேலே ஒரு முடிச்சு போட்டு வால் மாதிரி கொஞ்சம் விடுவேன், பிடித்து இழுத்தால் அவிழும். டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, "நூல் கட்டற கடை" என்று எங்கள் கடைக்குப் பேரே வந்துவிட்டது. கணவாய் மேலே இருந்த கடைக்காரர் எங்களைப் பார்த்துப் பை வாங்கினார், ஆனால் ரப்பர் போட்டார். என் மாதிரி கட்ட அவருக்குப் பொறுமை இல்லை என்று நான் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த வருஷமே சாப்பிடுகிறவர்களுக்கு அலுமினியத் தட்டும் வந்தது. இட்லியைப் பேப்பரில் மடித்துப் பையில் போட்டோம். மலைப்பெண்ணிடம் அடுத்த வாரம் வா என்று சொன்னோம், பிறகு அதற்கடுத்த வாரம் என்றோம். அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

என் வாய் மட்டும் நிற்கவில்லை. பார்சல் வாங்கிய பாதிப் பேர் புளியமரத்தடியிலேயே பிரித்துச் சாப்பிடுவார்கள். அவசரக்காரர்கள் நூலை அவிழ்க்காமல் பையின் மூலையைக் கடித்துக் கிழித்து ஊற்றிக்கொள்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் பையோடு நின்று இங்கும் அங்கும் பார்ப்பார்கள். நான் உள்ளே இருந்தே சொல்வேன், "மாட்டுக்குப் போட்டுருங்க" என்று. இலை போயிற்று, பேச்சு போகவில்லை. அவர்களும் போட்டார்கள். பைக்குள் கொஞ்சம் சாம்பாரும் ஒரு துண்டு இட்லியும் ஒட்டிக்கொண்டிருக்கும். மாடு அதை விடுமா.

ஒரு நாள் அக்கா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"ஏ புள்ள, மாடு அந்தப் பையப் போட்டு மெல்லுது."

"நக்கிட்டுத் துப்பிரும்க்கா."

"துப்பறத நான் பாக்கலியே."

எனக்கு அன்று கூட்டம். நாலு லாரி நின்றுகொண்டிருந்தது. "ஏங்க்கா, எது தீனி எது தீனியில்லன்னு மாட்டுக்குத் தெரியாதா? உங்க மாடு என்ன அவ்வளவு மடச்சாம்பிராணியா?" என்றேன். டிரைவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் வேலையைப் பார்த்தேன்.

அப்போது அந்த மாடு சினையாக இருந்தது. கிடாரி போட்டால் இரண்டு மாடு, இரண்டு மாடு என்றால் தனியாகக் குடியிருக்க ஒரு வூடு, அவளே அடுப்பு மூட்டி அவளே பொங்கித் தின்பது. அவள் பேச்செல்லாம் அதுதான். எனக்கும் அவள் தனியாகப் போனால் தேவலை என்றுதான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சினை ஏழு மாதத்தில் மாடு இளைக்க ஆரம்பித்தது. வயிறு மட்டும் பெருத்தது. சினை வயிறு என்று நினைத்தோம். பிறகு அசை போடுவது நின்றது. சாணி நின்றது. இடது பக்கம் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வந்தது. அக்கா ஓமமும் பெருங்காயமும் இஞ்சியும் இடித்து, வேப்பெண்ணெயில் கலந்து மூங்கில் குழாயால் புகட்டினாள். தருமபுரியிலிருந்து மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார் என் கணவர். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்னமோ அடைச்சிக்கிட்டு இருக்குது. என்னாத்தத் தின்னுச்சு?" என்று கேட்டார்.

"வைக்கோலு, தவிடு, எச்சித்தட்டுல மிஞ்சனது" என்றாள் அக்கா. அப்போது அவள் என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, மாடு புளியமரத்தடியிலேயே சாய்ந்தது. அக்கா அழவில்லை. அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் அழுதேன். அவளுக்காக அழுதேனா, பயத்தில் அழுதேனா என்று கேட்டால், பயத்தில்தான்.

தோல் எடுக்கிற பெரியவர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடைப்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்து, யாருக்கும் கேட்காமல் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க. இது என்னான்னு எனக்குத் தெரியல" என்றார்.

போனேன். ஒரு பூசணிக்காய் பருமனில் உருண்டையாக ஒன்று மண்ணில் கிடந்தது. அவர் குச்சியால் கிளறினார். "துணியும் இல்ல, தோலும் இல்ல. இத்தன வருசத்துல இப்படி ஒண்ண நான் எந்த மாட்டு வவுத்துலயும் பாத்ததில்லீங்க" என்றார். பக்கத்திலேயே கன்றுக்குட்டி கிடந்தது. கிடாரி.

அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பையெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிக் கிடந்தது. நிறம் போன சிவப்பு நூல், மூன்று சுற்று. வெள்ளை நூல், இரண்டு சுற்று. பல பைகளில் நான் விட்ட வால் கூட அப்படியே இருந்தது. ரப்பர் போட்டது ஒன்று கூட இல்லை. மேல்கடைக்காரர் மேல் பழி போடலாமா என்றுதான் நான் முதலில் தேடினேன். அப்படிப்பட்டவள் நான்.

"பொதைச்சிருங்க. வூட்டுல யாருக்கும் சொல்லாதீங்க" என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். தட்டில் இரண்டு இட்லி வைத்தால் ஒன்றை எடுத்துத் திரும்ப வைப்பாள். பத்து நாள் கழித்து, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறேன் என்றாள். என் கணவர் கெஞ்சினார். "நம்ம கடையிலயே இரு அக்கா, ஒன்ன யாராச்சும் ஒரு வார்த்த சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"சொல்லல தம்பி. பாலுக்குச் சோறுன்னு இருந்தேன். பாலு இல்ல. இப்ப எதுக்குச் சோறு?" என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் பையைத் தின்றுதான் செத்தது, உன் மாட்டை நான்தான் கொன்றேன், அதனால் இந்தச் சோறு உனக்கு வர வேண்டிய சோறு, உட்கார்ந்து தின்னு என்று சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாளோ என்னவோ. நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். அன்று பேசவில்லை.

தெரிந்த டிரைவர் ஒருவர் வண்டியில் அவளை ஏற்றிவிட்டோம். வழிக்கு நாலு இட்லி கட்டப் போனேன். பையை எடுக்கும்போது அவள் சொன்னாள், "எனக்கு இலையில கட்டிக் குடு புள்ள."

மேலே, கீழே, பரண் மேல் எல்லாம் தேடினேன். இலை இல்லை. எங்கள் கடையில் ஒரு மந்தாரை இலை கூட இல்லை. மலைப்பெண் வருவதை நிறுத்தி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இட்லியை ஒரு பையில் போட்டேன், சாம்பாரை ஒரு பையில் ஊற்றிச் சிவப்பு நூல் கட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

மூன்று வாரம் கழித்து அந்த டிரைவர் வந்தார். நான் சாம்பார் கட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த எதையோ எடுத்து மேசை மேல் வைத்தார். இரண்டு பைகள். பிசுக்குப் போகக் கழுவி, துடைத்து, மடித்து, சிவப்பு நூலை மேலே சுற்றியிருந்தது.

"உங்க நாத்தனாரம்மா குடுத்துச்சுங்க. பெங்களூர்ல எறங்கி இட்லியச் சாப்புட்டுட்டு, கொழாயில இதக் கழுவிக் கொண்டாந்து என் கையில குடுத்துச்சு" என்றார். "கீழ போட்டுராதீங்க, மாட்டுக்கும் போட்டுராதீங்க, அந்தப் புள்ள கையிலயே குடுத்துருங்கன்னு ரெண்டு தடவ சொல்லிச்சு. இதுல என்னாங்க விசேசம்?"

தோல் எடுத்தவர் சொன்னாரோ, அவளே ஓடைப்பக்கம் போய்த் தோண்டிப் பார்த்தாளோ. எனக்குத் தெரியாது. வண்டியேறும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே புளியமரத்தடியில் சாப்பிட்டு முடித்த யாரோ ஒருவர் எழுந்து கை உதறினார். "ஏங்கம்மா, இந்தப் பைய எங்க போடறது?" என்று கேட்டார்.

"மாட்டுக்கு" என்று ஆரம்பித்துவிட்டேன்.