அரசி செய்தது சரியா?

மாதுங்காவில் ஒரு மண்டபம். பழைய நாடகங்களிலிருந்து ஒரு காட்சியை நடித்துக் காட்டிவிட்டு, அதிலுள்ள தத்துவத்தைப் பற்றிச் சபையையே பேச விடுகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் தூத்துக்குடியில் ஆறு லாரி வைத்து ஓட்டுகிறேன்; சரக்கு விஷயமாக இந்த ஊருக்கு வந்திருக்கிறேன். எந்தச் சபையிலும் என் குரல் எடுபடும்.

மேடையில் ஓர் அரசி, குற்றம் செய்த மகனை அரண்மனைக்குள் ஒளித்து வைக்கிறாள். அது சரி என்பவர்கள் இடப்பக்கமும் தவறு என்பவர்கள் வலப்பக்கமும் போய் உட்கார வேண்டுமாம். முதல் ஆளாக வலப்பக்கம் போய், "எம்மவனா இருந்தா நானே போலீஸ்ல ஒப்படைச்சிருப்பேன்" என்கிறேன். பலத்த கைதட்டல்.

ஒரு பெண் மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அருகில் போய் விசாரிக்கிறேன். தாராவிக்காரி, பேச்சு நம் திருநெல்வேலிப் பேச்சு.

"லேசா சொல்லிட்டிய அண்ணாச்சி. எம்மவன் அடிதடியில ஒருத்தன் மண்டைய ஒடச்சிட்டு, கல்யாண்ல எந்தங்கச்சி வீட்டுல ஒளிஞ்சி கெடக்கான். ஒப்படைச்சா போலீஸ்காரன் அடிச்சே கொன்னுருவானோன்னு பயமா இருக்கு."

"கூட பெரிய மனுசன் ஒருத்தன் வந்தா அடிக்க மாட்டான். நான் வாரேன், எந்திரிம்மா."

"இங்க போலீஸ்கிட்ட இந்தில்லா பேசணும்?"

"லாரிக்காரனுக்கு எந்த ஊரு போலீஸ்கிட்டயும் பேசத் தெரியும்."

மண்டபத்தில் விவாதம் சூடு பிடிக்கிறது. நாங்கள் கல்யாண் ரயிலில் ஏறிவிட்டோம். தாணே தாண்டியதும் மெதுவாகச் சொல்கிறாள்:

"போன ஒடனே சொல்லிராதிய அண்ணாச்சி. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்."