தலைமை: இரும்புக்கடை ஞானசேகரன்

கடலூர் முதுநகரில் இரும்புக்கடை வைத்திருந்த ஞானசேகரனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். சொந்தக் கடை இருந்தது, மாடிவீடு இருந்தது, வாய் கொஞ்சம் நீளமானாலும் கைமணம் உள்ள மனைவி தில்லையம்மாள் இருந்தாள். ஆனால் எந்தக் கல்யாணத்துக்கும் அவரை யாரும் தலைமை தாங்கக் கூப்பிட்டதில்லை.

வாழ்த்திப் பேசக் கூப்பிடுவார்கள். ஐயர் இல்லாமல் தலைவர் தாலி எடுத்துக்கொடுக்கிற சீர்திருத்தக் கல்யாணம் எங்கே நடந்தாலும், குறிஞ்சிப்பாடியோ மங்கலம்பேட்டையோ, ஞானசேகரன் ஆஜர். “சாதியாவது மதமாவது! மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு அப்பன் அனுமதி எதற்கு?” என்று மைக்கைப் பிடித்தாரானால் பந்தியில் சாம்பார் ஆறிப்போகும்.

இவ்வளவு தொண்டை வறண்டும், மண்டப வாசலில் கட்டுகிற டிஜிட்டல் பேனரில் அவருக்குக் கிடைத்தது அடிவரிசை. மேலே தலைமை தாங்குபவர் ஆள் உயரத்துக்குச் சிரிப்பார். நடுவில் பொண்ணு மாப்பிள்ளை. கீழே தபால்தலை அளவில் ஒரு கும்பல். அதில் மூக்கை வைத்து அடையாளம் கண்டுபிடித்தால் அதுதான் ஞானசேகரன். பஸ் போனால் முதலில் சேறு தெறிப்பதும் அந்த வரிசை மேல்தான்.

இரண்டாயிரத்து எட்டு ஆவணியில், சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. முடித்திருந்த அவர் மகள் வெண்மதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றின்போது விஷயத்தை உடைத்தாள்.

“அப்பா, நான் ராபர்ட்டைக் கட்டிக்கப்போறேன். சிதம்பரத்துல பேனர் கடை வச்சிருக்காரு.”

ஞானசேகரனுக்குப் புரையேறியது. “வேதக்காரப் பையனா?”

“நீங்கதானப்பா மதமாவதுன்னு பேசுவீங்க?”

“அது மேடைம்மா. மேடை வேற, வூடு வேற. ஒங்க அத்தைக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

அத்தை என்பது சேத்தியாத்தோப்பில் வாக்கப்பட்டிருந்த அவர் தங்கை லோகநாயகி. அவள் மகன் செந்தமிழ்செல்வனுக்கு வெண்மதி என்று பேச்சு. வருகிற வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு.

“ஊருக்கு உபதேசம் பெண்ணே, உனக்கில்லையடி கண்ணே” என்றபடி தில்லையம்மாள் ரசம் ஊற்றினாள்.

“நீ வாய மூடுடீ” என்றார் ஞானசேகரன். பெண்விடுதலை பற்றித் தனியாக ஒரு பேச்சு வைத்திருந்த மனிதர் அவர்.

வெண்மதி அழவில்லை, சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுகிறேன் என்று மறுநாள் சிதம்பரம் பஸ் ஏறினாள். பெண் இவ்வளவு லேசில் அடங்கினாளே என்று அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும். பூரித்துப்போனார்.

புதன்கிழமை காலை, அவரோடு மேடை ஏறுகிற சிதம்பரம் கண்ணாயிரம் போன் போட்டார்.

“அண்ணே! சொன்னதச் செஞ்சி காட்டிட்டீங்களே! பெத்த பொண்ணுக்கே காதல் கல்யாணம், அதுக்கு நீங்களே தலைமை! பஸ் ஸ்டாண்டுகிட்ட பேனரப் பாத்துக் கண்ணு கலங்கிடுச்சிண்ணே. ஊரே ஒங்க பேச்சுதான்.”

ஞானசேகரன் இதை இப்போதுதான் கேள்விப்படுகிறார். ஆனால் பழகிய வாய், “நன்றி, நன்றி” என்று சொல்லி வைத்துவிட்டது.

கடையிலிருந்து புது அரிவாள் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடம் வருவதற்குள் ராபர்ட்டின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்திருந்தார்.

சிதம்பரத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ரெண்டு ஆள் உயரத்துக்கு ஞானசேகரன். தோளில் பொன்னாடை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். நரையைக் கறுப்பாக்கி, முன்பல் இடுக்கையும் அடைத்திருந்தான் பாவி. ‘சொல்லும் செயலும் ஒன்றானவர்’ என்று எழுத்து வேறு. அந்தப் படம் அவர் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த படம். ரசம் ஊற்றிய கைதான் எடுத்துக்கொடுத்திருக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் ஏறி அரிவாளை ஓங்கினார். எந்தக் கயிற்றை அறுத்தாலும் தன் கழுத்துதான் முதலில் தொங்கும் போலிருந்தது.

“இது நீங்கதானா?” என்றார் டீ மாஸ்டர். “நேர்ல கொஞ்சம் வயசாத் தெரியுறீங்க.”

அதற்குள் எதிரே இருந்த பேனர் கடையிலிருந்து வெண்மதியும் ராபர்ட்டும் ஓடிவந்தார்கள்.

“சார், எறங்குங்க. அறுத்தா ஒங்க மேலயே வுழும்” என்றான் ராபர்ட். “வேணாம்னா நானே அவுத்துடுறேன்.”

“ஓடிப்போய்க் கட்டிக்க எங்களுக்கு எவ்ளோ நேரம் ஆவும்ப்பா?” வெண்மதி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “தாலிய நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒங்க பேச்சக் கேட்டு வளந்தவ நானு. அதெல்லாம் பொய்யாப்பா?”

மைக் இல்லாமல் அவருக்கு எப்போதுமே பேச்சு வராது. பெஞ்சிலிருந்து இறங்கி, பேச்சை மாற்ற, “ஒங்க ரெண்டு பேர் படம் எங்க?” என்றார்.

வெண்மதி கீழே காட்டினாள். அடிவரிசை. சிநேகிதக் கும்பலுக்கு நடுவில் தபால்தலை அளவில் அவளும் அவனும். ஏதோ பஸ் தெறித்த சேறு அவள் முகத்தில் காய்ந்திருந்தது.

ஞானசேகரன் குந்தினார். அந்த வரிசையை அவருக்குத் தெரியும். எத்தனை கல்யாணத்தில் அங்கே நின்றிருக்கிறார்! அங்கே நிற்பவனை ஒருத்தனும் பார்க்க மாட்டான். இப்போது அங்கே தன் பெண். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தச் சேற்றைத் துடைத்தார். துடைத்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு சேத்தியாத்தோப்புக்குப் போன் போட்டார். “வெள்ளிக்கிழமை வேணாம்மா. வெண்மதிக்கு வேற எடத்துல மனசு. அண்ணன மன்னிச்சிக்க” என்றார். லோகநாயகி சொன்ன பதிலை டீக்கடையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் ஓயும்வரை அவர் பொறுமையாக நின்றார்.

“இத எறக்கிட்டு வேற அடி” என்றார் ராபர்ட்டிடம். “பொண்ணு மாப்ளதான் பெருசா இருக்கணும்.”

“அப்ப ஒங்க படம், மாமா?”

ஞானசேகரன் கடைசியாக ஒரு தடவை தன்னை அண்ணாந்து பார்த்தார்.

“சின்னதாக்கிடு” என்றார். ரெண்டு எட்டு நடந்தவர் திரும்பி வந்து, “ரொம்பச் சின்னதாக்கிடாத, மாப்ள” என்றார்.