எண்ணெய் படாத நடுமுதுகு

சாரல் தொடங்கியதும் குற்றாலம் ஐந்தருவியில் முதல் குளியல், முப்பது வருடமாக நானும் செல்லையாவும் சேர்ந்துதான். வழியிலுள்ள எண்ணெய்க்கடை ஓரம் அவன் முதுகுக்கு நான் தேய்ப்பேன், என் முதுகுக்கு அவன். இதைவிடப் பெரிய ஒப்பந்தத்தை எந்த வல்லரசும் போட்டதில்லை.

போன வாரம் வாட்ஸப் குழுவில், விவசாயத்துக்கு இலவச மின்சாரம் சரியா தப்பா என்று எனக்கும் விவசாயியான செல்லையாவுக்கும் மகாயுத்தம். நாட்டின் கஜானாவை என் பனியனுக்குள் வைத்துக் காப்பவன் போல ஏழாயிரம் பக்கம் எழுதினேன். கடைசியில் இதையும் போட்டேன்: "ஓசி கரண்டுல வெள்ளாமை வைக்கவன்லாம் பொருளாதாரம் பேசாதலே."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். செல்லையா வெளியேறிவிட்டான்.

இன்று காலை தனியாகப் போனேன். கை எட்டிய இடமெல்லாம் எண்ணெய் தேய்த்தேன். நடுமுதுகு மட்டும் எட்டவில்லை. திரும்பினால், நாலு ஆள் தள்ளி செல்லையா. அவன் நடுமுதுகும் காய்ந்துதான் கிடந்தது.

பாட்டிலோடு போனேன்.

"ஏலே, திரும்பு. தேய்ச்சு விடுதேன்."

அவன் துண்டை எடுத்து முதுகை மூடிக்கொண்டான்.

"வேண்டாம்டே. ஓசியா வாங்குனா நாளைக்கு குரூப்புல சொல்லிக்காட்டுவ."

குளிக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அப்புறம் ஐந்து அருவியும் சேர்ந்து என் தலையில்தான் விழுந்தன. ஒன்றும் உறைக்கவில்லை.

நாட்டின் கஜானா பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம். என் முதுகுக்குத்தான் ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் வரலாம். எந்தக் கட்சியாக இருந்தாலும், எந்தக் கொள்கையாக இருந்தாலும் சம்மதம். பெயர் மட்டும் செல்லையாவாக இருக்க வேண்டும்.