சிவப்பான ஒன்பது பெயர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் முருகேசன் அழைத்தான். பழைய கம்பெனி ஆள் யார் அழைத்தாலும், எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அன்றும் தோன்றியது. "ரெஜினாக்கா போயிட்டாங்கடா. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றான்.

நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில், ஆட்களின் வருகையைப் பதியும் வேலையில், பல வருடம் இருந்தவர் ரெஜினா அக்கா. எல்லோரையும் நம்பிய நல்ல மனுஷி என்று அவரைப் பற்றி எழுதினால், அவரை அறிந்த நீங்கள் சிரிப்பீர்கள். அவர் யாரையும் நம்பாதவர். "சொன்னாப் போதுமுங்களா? காட்டுங்க" என்பார்.

நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்த அன்று, ஊர் கணியூர் என்றேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வழி கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கத்து டெய்லர் ஒருவரிடம் மறுநாள் அதே வழியைக் கேட்டுச் சரிபார்த்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. "கோவிச்சுக்காதீங்க தம்பி, உங்களுக்குன்னு தனியா இல்லீங்க. எல்லார்த்தையும் இப்படித்தான் பாக்கறது" என்றார்.

பிறகு ஒரு புது மேனேஜர் வந்தார். பிரச்சினை செய்யும் ஆட்கள் யாரென்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்றார். அக்காவின் பதிவேட்டைப் பார்த்து நான் எக்செல்லில் ஏற்றி வைத்திருந்த பட்டியலில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதில் பிரச்சினையைக் குறிக்கும் 'இஸ்யூ' என்ற எழுத்துகள் வந்தால் அந்தக் கட்டம் தானாகச் சிவப்பாகும்படி செய்தேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார்.

அந்த வாரம் குழந்தைகள் சட்டைக்கு வெட்டி வைத்திருந்த துணியில் இரண்டு பண்டல் காணாமல் போனது. மேனேஜர் என் பட்டியலை எடுத்தார். சிவப்பாக இருந்தவர்களை மட்டும் கேட்டில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் இருந்த பாக்கியத்தின் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்று மத்தியானம் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அக்கா பதிவேட்டோடு என் மேஜைக்கு வந்தார். "பாக்கியத்துக்கு என்ன எழுதியிருக்குதுங்க? படிங்க."

"டிரிம்மர் இஸ்யூடு."

"நூல் வெட்டற டிரிம்மர் குடுத்தாச்சுன்னு அர்த்தமுங்க. இதுல பிரச்சினை எங்க இருக்குது? ஒம்பது பேரு இப்படிச் செவந்து கெடக்கறாங்க."

சொல்லின் பாதியைப் பார்த்தே கட்டம் சிவந்திருந்தது. கவனிக்கவில்லை என்றேன். அவர் விரல் இன்னொரு வரிக்கு நகர்ந்தது.

"உங்க ரூம்ல இருக்கற முருகேசனுக்கும் டிரிம்மர் குடுத்தனுங்களே. அவருக்கு மட்டும் 'கிவன்'னு இருக்குது. நான் அப்படி எழுதலீங்களே?"

"தெரியலீங்கக்கா" என்றேன்.

தெரியும். முந்தின நாளே முருகேசனின் கட்டம் சிவந்ததைப் பார்த்துத் தவறு எங்கே என்று புரிந்துகொண்டேன். பாராட்டு வாங்கிய மறுநாளே போய்த் தப்பென்று சொல்ல வெட்கம். அவனுடைய சொல்லை மட்டும் மாற்றிவிட்டு மற்றவர்களை அப்படியே விட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய், ஒன்பது பேரின் வரியையும் பதிவேட்டிலிருந்து சத்தமாகப் படித்தார்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமாம்மா?" என்றார் மேனேஜர்.

"அதுக்கு என்னங்க தெரியும்? சொல்லிக் குடுத்ததைச் செய்யுதுங்க" என்றார் அக்கா. என் பெயரைச் சொல்லவில்லை.

தைக்கக் கொடுத்திருந்த வெளி யூனிட்டுக்குப் பண்டல்கள் தவறிப் போயிருந்தது இரண்டு நாளில் தெரிந்தது. மேனேஜர் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. பையைக் கொட்டிய அன்று வீட்டுக்குப் போன பாக்கியம் வேலைக்குத் திரும்பி வரவில்லை. அக்கா வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும், "அந்தக் கேட்டுக்குள்ள இனி வர மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

அதற்குப் பிறகு நான் கொடுத்த ஒவ்வொரு பட்டியலையும் அக்கா பதிவேட்டின் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தார். ஒரு முறைகூட முருகேசன் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்தான். அடுத்த வருடம் நான் வேலையை விட்டேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். உடுமலைப்பேட்டையிலிருந்து பாக்கியம் வந்திருந்தார். அவரை ஓரமாக அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"மொத நாளே தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க."

"அக்காளுக்கு?"

"தெரியும்னுதான் நெனைக்கறனுங்க."

அவர் பெண்கள் நின்ற பக்கம் போய்விட்டார்.

அக்காவைப் பற்றி நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அவர் என்மேல் வைத்த சந்தேகம். அந்த ஆபீஸில் என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.